செட்டப் ஃபெயில் ஆனா ஃபைலை நோண்டாதீங்க, முதல்ல டூலோட வயசை பாருங்க: புது டாக்கர் கம்போஸ் ரிவ்யூ

டாக்கர்ன்றது ஒரு ஆப்பை அதுக்கு வேண்டியதோட சேர்த்து கன்டெய்னர்ன்ற தனிப் பெட்டியில ஓட்டற சாஃப்ட்வேர், கம்போஸ்ன்றது அப்படிப்பட்ட பல கன்டெய்னரை ஒரே ஃபைல்ல எழுதி ஒண்ணா எழுப்பற டூல். அந்த டாக்கர் கம்போஸோட பழைய பைத்தான் வெர்ஷனை விட்டுட்டு இப்போ இருக்கிற பிளகின் வெர்ஷனுக்கு வந்தாச்சு, கூடவே லினக்ஸ் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி) கொடுக்கிற எஞ்சினை, அதாவது கன்டெய்னரை பின்னாடி இருந்து ஓட்டற பகுதியை, தூக்கிட்டு டாக்கரோட சொந்த ரெப்போல (பேக்கேஜ் கிடங்கு) வர்ற எஞ்சினையும் போட்டாச்சு, ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துட்டு எழுதற ரிவ்யூ இது. தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன், மாறுங்க, தள்ளிப் போடாம மாறுங்க. புது வசதிகள் நிறைய இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன், ஆனா நான் மாறச் சொல்றதுக்கு முக்கியமான காரணம் வேற. ஏதோ ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, அவங்க சொன்ன மாதிரியே ஒவ்வொரு ஸ்டெப்பா பண்ணி, கடைசி கமாண்ட் அடிச்சதும் சிவப்புல எரர் வருது பாருங்க, அதுல பெரும்பங்கு நம்ம கான்ஃபிக் தப்பும் கிடையாது, அந்த சாஃப்ட்வேரோட தப்பும் கிடையாது, மெஷின்ல இருக்கிற கன்டெய்னர் டூல் பழசு. அந்த டூல் "நான் பழசு"ன்னு ஒரு தடவை கூட சொல்லாது. "உன் ஃபைல் தப்பு"ன்னுதான் சொல்லும். அதை நம்பி ராத்திரி முழுக்க நல்லா இருக்கிற ஃபைலை கெடுத்தவங்க எத்தனை பேர் தெரியுமா, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல கொஞ்சம் பின்கதை, இது தெரிஞ்சா எரர் எல்லாம் தானா புரிய ஆரம்பிக்கும். கம்போஸ் முதல்ல ஃபிக்-ன்ற பேர்ல ஆர்ச்சர்ட்-ன்ற ஒரு சின்ன கம்பெனி பண்ணது, 2014ல டாக்கர் அவங்களை வாங்கினதும் அதே டூல் டாக்கர் கம்போஸ் ஆச்சு. அது பைத்தான்ல எழுதினது, எஞ்சினோட ஒட்டாம தனியா ஒரு புரோகிராமா நின்னுச்சு, கமாண்ட் அடிக்கும்போது டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவுல ஒரு சின்ன கோடு, அதாவது ஹைஃபன் போட்டு (docker-compose) அடிப்போம். அப்புறம் மொத்தத்தையும் கோ மொழில திருப்பி எழுதி டாக்கர் கமாண்டுக்குள்ளயே பிளகினா வெச்சாங்க, இப்போ கோடு கிடையாது, நடுவுல இடைவெளி (docker compose). பைத்தான்ல இருந்தது வி1, கோ மொழில வந்தது வி2, இந்த வி2 எல்லாரும் நம்பி போடலாம்னு 2022 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. பழைய வி1ல கடைசியா வந்தது 1.29.2, அது 2021 மே மாசம். 2023 ஜூலையில இருந்து வி1க்கு அப்டேட்டே கிடையாதுன்னு முடிச்சுட்டாங்க.

சரி, முடிஞ்சு போன டூல் இன்னும் எப்படி நம்ம மெஷின்ல வந்து உக்காருதுன்னு கேட்டா, டிஸ்ட்ரோ வழியாத்தான். உபுண்டு 20.04ல கோடு போட்ட அந்த பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணா 1.25.0 வரும், 22.04ல 1.29.2, டெபியன் 11ல 1.25.0, டெபியன் 12ல 1.29.2. டிஸ்ட்ரோகாரங்களை இதுக்கு குறை சொல்ல முடியாது, ஒரு ரிலீஸ் வெளிய விட்டா அதுல இருக்கிற வெர்ஷனை அப்படியே உறைய வெச்சு பாதுகாப்பு ஓட்டையை மட்டும் அடைக்கிறது அவங்க கொள்கை, சர்வர் ஓட்டறவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா கன்டெய்னர் உலகம் அந்த வேகத்துல நடக்கல. சாஃப்ட்வேர் எழுதறவர் தன்னோட லேப்டாப்ல இருக்கிற லேட்டஸ்ட் கம்போஸ்ல டெஸ்ட் பண்ணி யாமல் ஃபைலை (கம்போஸ் படிக்கிற அந்த கான்ஃபிக் ஃபைல்) வெளிய விடறார், நம்ம கிட்ட இருக்கிறது பல வருஷம் பழசு, ரெண்டும் மோதுது.

மோதும்போது எப்படி இருக்கும்னு ஒண்ணு மட்டும் கிட்ட போய் காட்டறேன். எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் ஒரு சர்வர்ல ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப்பை ஏத்திட்டு இருந்தான், எரர் என்னன்னா கம்போஸ் ஃபைல் இன்வேலிட், காரணம் 'நேம்' டஸ் நாட் மேட்ச் எனி ஆஃப் த ரெஜெக்ஸஸ், அதுக்கு பக்கத்துல ஒரு தொப்பிக் குறி, ஒரு எக்ஸ், ஒரு கோடு. அவன் என்னைக் கூப்பிட்டு "அண்ணா, நேம்ல ஏதோ கேரக்டர் விடக்கூடாதது இருக்கு போல, எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்திட்டேன், கோடு எல்லாம் எடுத்துட்டேன், அப்பவும் அதே எரர்தான் அண்ணா வருது"ன்னான். அவன் மேல தப்பே இல்ல, அந்த எரரை படிச்சா யாருக்கும் அப்படித்தான் தோணும், ரெஜெக்ஸ்க்கு (எழுத்து எப்படி இருக்கணும்னு சொல்ற விதி) பொருந்தலைன்னா பேர்ல கோளாறுன்னுதானே அர்த்தம் வருது. உண்மைல அந்த எரர் சொல்ல வர்றது என்னன்னா, ஃபைலோட மேல்மட்டத்துல 'நேம்'ன்னு ஒரு வரி எழுதறதே பழைய கம்போஸுக்கு தெரியாது, அதுக்கு தெரிஞ்சது சர்வீசஸ், வால்யூம்ஸ், நெட்வொர்க்ஸ் மாதிரி சிலதுதான், மத்தபடி எக்ஸ் போட்டு கோடு போட்டு ஆரம்பிக்கிற எக்ஸ்டென்ஷன் வரிகளை மட்டும் விட்டுடும், 'நேம்' ரெண்டுலயும் சேராததால கத்துது. நான் அவன் கிட்ட கேட்டது ஒண்ணுதான், "தம்பி, கோடு போட்டு வெர்ஷன் கேட்டுப் பாரு". 1.25.0ன்னு வந்துச்சு. ஃபைலை முதல்ல இருந்த மாதிரி திருப்பி வெக்க சொல்லிட்டு, புது எஞ்சினும் பிளகினும் போட்டு, இடைவெளி விட்டு அப் (ஆப்பை எழுப்பற கமாண்ட்) கொடுத்தான், எழுந்து நின்னுடுச்சு. ஃபைல்ல ஒரு எழுத்து மாத்தல.

இந்த ஒரு எரர்தான்னு இல்ல, ஒவ்வொரு வயசுக்கும் ஒரு முகம் இருக்கு. டிபென்ட்ஸ் ஆன்-க்கு கீழ கண்டிஷன் சர்வீஸ் ஹெல்தின்னு எழுதியிருந்தா (டேட்டாபேஸ் தயாரானதும்தான் ஆப் எழுந்திருக்கணும்னு சொல்ற வரி, இப்போ பாதி புராஜெக்ட்ல இருக்கு) 1.25 மாதிரி வெர்ஷன் "கன்டெய்ன்ஸ் அன் இன்வேலிட் டைப், இட் ஷுட் பி அன் அரே"ன்னு சொல்லும். இதுல ஒரு வரலாறு இருக்கு, அந்த கண்டிஷன் ஃபைல் ஃபார்மேட் 2ல இருந்துச்சு, 3ல எடுத்துட்டாங்க, அப்புறம் கம்போஸ் 1.27ல ரெண்டு ஃபார்மேட்டையும் ஒண்ணா கலந்து மறுபடி கொண்டு வந்தாங்க. அதனால 1.27க்கு முன்னாடி இருக்கிற கம்போஸுக்கு இன்னைக்கு எழுதற ஃபைல் பாதி புரியாது. நிறைய பேர் ஃபைல் மேல இருக்கிற வெர்ஷன் 3.8ஐ 3.3ன்னு, 2ன்னு மாத்தி மாத்திப் பார்ப்பாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஒரு எரர் போய் வேற எரர் வரும், அவ்ளோதான். புது கம்போஸ் அந்த வெர்ஷன் வரியை கண்டுக்கவே கண்டுக்காது, வெர்ஷன் இஸ் அப்சலீட்னு ஒரு வார்னிங் மட்டும் கொடுக்கும். அதைப் பார்த்து பயப்படாதீங்க, அது எரர் இல்ல, அந்த வரியை எடுத்துட்டா வார்னிங்கும் போயிடும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். எஞ்சின் இருக்கும், பிளகின் இருக்காது, அந்த சாஃப்ட்வேரோட கைடுல இடைவெளி போட்டு கமாண்ட் கொடுத்திருப்பாங்க, அதை அப்படியே காப்பி பண்ணி அப் மைனஸ் டின்னு (-d, பின்னணியில ஓட விடற ஃபிளாக்) அடிச்சா "அன்னோன் ஷார்ட்ஹேண்ட் ஃபிளாக் டி இன் மைனஸ் டி"ன்னு வரும். மைனஸ் டில என்னடா பிரச்சனைன்னு அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்போம். விஷயம் சிம்பிள், கம்போஸ்னு ஒரு சப்-கமாண்டே டாக்கருக்கு கிடைக்கல, அதனால மிச்சம் இருக்கிற மைனஸ் டியை தனக்கு கொடுத்ததா நினைச்சு முழிக்குது. மைனஸ் டியை எடுத்துட்டு அடிச்சா கம்போஸ் டாக்கர் கமாண்டே இல்லன்னு உண்மையை சொல்லிடும்.

அப்புறம் பிப் (பைத்தான் பேக்கேஜை இறக்கற டூல்) வழியா பழைய கம்போஸை போட்டவங்க கதை. இது பைத்தான் புரோகிராம்ன்றதால அதைச் சுத்தி இருக்கிற லைப்ரரி ஒண்ணு நகர்ந்தாலும் இது விழும், யாரும் திருத்தப் போறதும் இல்ல. 2023 ஜூலைல சைத்தான் 3 (Cython, பைத்தான் லைப்ரரியை பில்ட் பண்ண உதவறது) வந்ததும் பழைய கம்போஸ் கேக்குற பைஐயாமல் (யாமல் ஃபைலை படிக்கிற லைப்ரரி) 5 வரிசை பில்ட் ஆகாம நின்னுச்சு, எரர்ல சைத்தான் சோர்சஸ்னு ஒரு பேர் வரும், கம்போஸ் பேரே வராது. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி 2024 மே மாசம் 2.32க்கு போனதும் "நாட் சப்போர்ட்டட் யூஆர்எல் ஸ்கீம் எச்டிடிபி பிளஸ் டாக்கர்"னு புதுசா ஒண்ணு கிளம்புச்சு, பார்க்கிறவங்க நெட்வொர்க் பிரச்சனைன்னு ப்ராக்சி செட்டிங்ஸை நோண்ட ஆரம்பிச்சாங்க. பைத்தான் 3.12ல டிஸ்ட்யூட்டில்ஸ் மாட்யூலை எடுத்துட்டாங்க, அதோட கோடு போட்ட கமாண்ட் எழுந்திருக்கவே மாட்டேங்குது, நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்னு ஒரே வரி. ஒவ்வொண்ணுக்கும் தேடினா ஒரு ஒட்டு வேலை கிடைக்கும், இந்த லைப்ரரியை பின்னாடி இழு, அதை இந்த வெர்ஷன்ல பூட்டு, செட்டப்டூல்ஸ் போடுன்னு. பண்ணா ஓடும், அடுத்த அப்டேட் வரைக்கும். என் கருத்து, அந்த ஒட்டு வேலைக்கு செலவு பண்ற நேரத்துல கால்வாசி போதும் புதுசுக்கு மாற.

எல்லாத்துலயும் மோசமானது 'கன்டெய்னர்கான்ஃபிக்'ன்ற எரர். இது புதுசா செட்டப் பண்றவங்களுக்கு வராது, ஓடிட்டு இருக்கிற ஆப்பை அப்டேட் பண்றவங்களுக்கு வரும், அதனாலதான் மோசம்னு சொல்றேன். எஞ்சின் மட்டும் தானா அப்டேட் ஆகி புதுசாயிடுச்சு, கம்போஸ் பழைய 1.29.2ஆவே நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. புது இமேஜை (கன்டெய்னர் உருவாக்கற மூலப் பேக்கேஜ்) புல் பண்ணி அப் கொடுக்கறீங்க. பழைய கம்போஸ் ஓடிட்டு இருக்கிற கன்டெய்னரை முதல்ல நிறுத்தும், அப்புறம் அது பேருக்கு முன்னாடி சில எழுத்தும் நம்பரும் ஒட்டி தற்காலிகமா பேரை மாத்தும், அதுக்கப்புறம்தான் புது கன்டெய்னரை உருவாக்கறதுக்காக இமேஜோட விவரத்துல கன்டெய்னர்கான்ஃபிக்ன்ற பகுதியை தேடும். புது எஞ்சின் அந்த பகுதியை கொடுக்கறதே இல்ல. அங்கேயே கீ எரர்னு விழுந்துடும், ஆப் நின்னு போன நிலையில. நின்ன கன்டெய்னரையும் சேர்த்து லிஸ்ட் பண்ணிப் பார்த்தா, முன்னாடி ஒரு வாலை கட்டிக்கிட்டு விசித்திரமான பேர்ல ஒரு கன்டெய்னர் எக்சிட்டட்னு கிடக்கும், பார்த்ததும் டேட்டா போச்சோன்னு வயித்தைக் கலக்கும். போகல. டேட்டா இருக்கிற வால்யூம் எல்லாம் அப்படியே இருக்கும். பதட்டத்துல வால்யூமையும் சேர்த்து அழிக்கிற ஆப்ஷனோட டவுன் (எல்லாத்தையும் நிறுத்தி நீக்கற கமாண்ட்) கொடுக்கறதுதான் இங்க உண்மையான ஆபத்து, அதை மட்டும் செய்யாதீங்க. பிளகின் கம்போஸ் போட்டு, அந்த வால் கட்டின கன்டெய்னரை மட்டும் நீக்கிட்டு, இடைவெளி போட்டு அப் கொடுங்க, அதே வால்யூமோட எழுந்திருக்கும்.

இது வரைக்கும் கம்போஸ். எஞ்சின் பழசா இருந்தா வர்றது இன்னும் மறைமுகம், ஏன்னா எரர் கன்டெய்னருக்குள்ள இருந்து வரும். எனக்கு தெரிஞ்சு மிகவும் ஏமாத்துற கேஸ் இது: இமேஜ் உபுண்டு 22.04 மேல கட்டினது, எஞ்சின் 20.10.10க்கு முந்தினது. உள்ள அப்டேட் கொடுத்தாலோ ஆப் த்ரெட் உருவாக்க பார்த்தாலோ ஆபரேஷன் நாட் பெர்மிட்டட், கான்ட் ஸ்டார்ட் நியூ த்ரெட், இப்படி ஏதாவது வரும். உடனே எல்லாரும் பண்றது பிரிவிலேஜ்டு மோட்ல ஓட விடறது, ஓடவும் செய்யும், பிரச்சனை தீர்ந்துச்சுன்னு விட்டுடுவாங்க, ஆனா கன்டெய்னரோட பாதுகாப்பை மொத்தமா கழட்டி வெச்சாச்சு. உண்மைல நடக்கிறது என்னன்னா, ஜிலிப்சி (glibc, லினக்ஸ் புரோகிராம் எல்லாம் நம்பி இருக்கிற அடிப்படை லைப்ரரி) 2.34ல இருந்து த்ரெட் உருவாக்க குளோன்3ன்ற புது சிஸ்டம் கால், அதாவது கெர்னல் கிட்ட கேக்குற வேண்டுகோள், பயன்படுத்துது. பழைய எஞ்சினோட செக்காம்ப் லிஸ்ட்ல (கன்டெய்னர் எந்த சிஸ்டம் காலை எல்லாம் கூப்பிடலாம்னு சொல்ற லிஸ்ட்) அந்த பேர் கிடையாது. தெரியாத காலுக்கு "இந்த வசதி இங்க இல்ல"ன்னு பதில் சொல்லியிருந்தா ஜிலிப்சி பழைய வழிக்கு தானா போயிருக்கும், ஆனா எஞ்சின் "அனுமதி இல்ல"ன்னு சொல்லுது, ஜிலிப்சியும் அதை நம்பி நின்னுடுது. எஞ்சினை ஏத்தினா முடிஞ்சது. ஆல்பைன் (இமேஜ் கட்ட பயன்படுத்தற இன்னொரு சின்ன டிஸ்ட்ரோ) 3.14லயும் இதே வகை சிக்கல், அங்க ஃபைல் பெர்மிஷன் பார்க்கிற வேற ஒரு சிஸ்டம் கால், எஞ்சின் குறைஞ்சது 20.10 வேணும். ஆல்பைன் 3.13ல இன்னொண்ணு, 32 பிட் ராஸ்பெரி பை குட்டி கம்ப்யூட்டர்ல லிப்செக்காம்ப் (செக்காம்ப்புக்கான லைப்ரரி) பழசா இருந்தா கன்டெய்னருக்குள்ள தேதியே தப்பா காட்டும், தேதி தப்பான உடனே சர்டிஃபிகேட் எல்லாம் செல்லாதுன்னு எரர் வரும், நாம சர்டிஃபிகேட்டை மாத்திட்டு இருப்போம். அங்க எஞ்சின் மட்டும் போதாது, ஹோஸ்ட்ல லிப்செக்காம்ப்பும் குறைஞ்சது 2.4.2 இருக்கணும்.

இமேஜை பில்ட் பண்ணும்போது டாக்கர்ஃபைல்ல (இமேஜை எப்படி கட்டணும்னு எழுதற ஃபைல்) ரன் வரியோட மவுண்ட் இருந்தா "மவுண்ட் ஆப்ஷன் ரிக்வயர்ஸ் பில்ட்கிட்"னு வரும், இது ஒண்ணுதான் நேர்மையான எரர், காரணத்தை வாய் விட்டு சொல்லிடுது. லினக்ஸ்ல எஞ்சின் 23.0 (2023 பிப்ரவரி) முதல் பில்ட்கிட் (இமேஜ் கட்டற புது பகுதி) தானாவே ஆன்ல இருக்கும், அதுக்கு முன்னாடின்னா டாக்கர் பில்ட்கிட்ன்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1ன்னு வெக்கணும்.

இப்போ புதுசு போடற அனுபவம். நேரா சொன்னா நல்லா இருக்கு. டாக்கரோட ரெப்போவை சேர்த்துட்டா எஞ்சின், சிஎல்ஐ (நாம கமாண்ட் அடிக்கிற பகுதி), கன்டெய்னர்டி, பில்ட்எக்ஸ் பிளகின், கம்போஸ் பிளகின் எல்லாம் ஒரே இடத்துல இருந்து வரும், ஒண்ணுக்கொண்ணு பொருந்துற வெர்ஷனா வரும், அடுத்த சிஸ்டம் அப்டேட்ல தானா ஏறிக்கும். போடறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரோவோட டாக்கர் பேக்கேஜ், கோடு போட்ட கம்போஸ், பாட்மேன் (டாக்கருக்கு மாற்றா இருக்கிற டூல்) கொடுக்கிற டாக்கர் மாதிரி பேக்கேஜ், டிஸ்ட்ரோவோட கன்டெய்னர்டி, ரன்சி இதெல்லாம் எடுத்துடணும், இல்லன்னா மோதும். பேக்கேஜை எடுத்தா இமேஜும் வால்யூமும் போகாது, அதெல்லாம் வார்-லிப்-டாக்கர் ஃபோல்டர்லயே இருக்கும், புது எஞ்சின் அதையே எடுத்துக்கும். இருந்தாலும் டேட்டாபேஸ் இருக்கிற மெஷின்ல பேக்கப் எடுக்காம கை வெக்காதீங்க.

ஸ்னாப் (உபுண்டுவோட தனி பேக்கேஜ் முறை) வழியா டாக்கர் போட்டிருந்தா மட்டும் கதை வேற, கவனமா படிங்க. ஸ்னாப் டாக்கர் தன்னோட டேட்டாவை ஸ்னாப்புக்கு உரிய தனி ஃபோல்டர்ல வெச்சிருக்கும், அதனால ரெப்போ எஞ்சினுக்கு மாறினதும் ஒரு கன்டெய்னர் கூட, ஒரு வால்யூம் கூட கண்ணுக்கு தெரியாது. அதோட ஸ்னாப் டாக்கரால ஹோம் ஃபோல்டருக்கு வெளிய இருக்கிற ஃபைலை படிக்க முடியாது, ஆப்ட் (/opt) ஃபோல்டர்ல யாமல் வெச்சுட்டு அப் கொடுத்தா கண்ணு முன்னாடி இருக்கிற ஃபைலை காணோம்னு சொல்றது இதனாலதான். ஸ்னாப்ல இருக்கும்போதே டேட்டாவை வெளிய எடுத்துட்டு, அப்புறம் ஸ்னாப்பை நீக்குங்க, ரெண்டையும் ஒண்ணா வெச்சு ஓட்டாதீங்க.

மாறின பிறகும் பழைய எரரே வருதா? இது ரொம்ப சகஜம், கோவப்படாதீங்க. பாஷ் ஷெல் ஒரு கமாண்ட் எங்க இருக்குன்னு ஞாபகத்துல வெச்சிருக்கும், பழசை நீக்கினாலும் பழைய பாதையிலேயே போய் தேடும், புது டெர்மினல் திறந்தா சரியாயிடும், இல்ல ஹாஷ் மைனஸ் ஆர் கொடுங்க. டைப் மைனஸ் ஏ கொடுத்து கேட்டா கோடு போட்ட கம்போஸ் எத்தனை இடத்துல இருக்குன்னு எல்லாத்தையும் காட்டும், யூஎஸ்ஆர் பின்ல ஒண்ணு, யூஎஸ்ஆர் லோக்கல் பின்ல கையால இறக்கி வெச்ச ஒண்ணு, ஹோம்ல பிப் போட்டது ஒண்ணுன்னு மூணும் இருக்கிற மெஷினை எல்லாம் பார்த்திருக்கேன். பிளகின்லயும் இதே குழப்பம் உண்டு, அது இன்னும் நுணுக்கம். யாராவது முன்னாடி கையால இறக்கி ஹோம் ஃபோல்டர்ல டாட் டாக்கர், அதுக்குள்ள சிஎல்ஐ பிளகின்ஸ்ன்ற இடத்துல கம்போஸை வெச்சிருந்தா, டாக்கர் முதல்ல அதைத்தான் எடுக்கும், சிஸ்டத்துல ரெப்போ போட்ட புதுசு சும்மா கிடக்கும். இதுல சூடோ (ரூட் அதிகாரத்தோட ஓட்டற கமாண்ட்) போட்டு ஓட்டினா ஹோம் ரூட்டோட ஹோமா மாறிடறதால அங்க புதுசு ஓடும். அதாவது ஒரே மெஷின், ஒரே ஃபைல், சூடோ இல்லாம எரர், சூடோ போட்டா ஓடுது. பார்க்கிறவங்க இதை பெர்மிஷன் பிரச்சனைன்னு சத்தியம் பண்ணுவாங்க. சூடோ போட்டும் போடாமலும் வெர்ஷன் கேட்டுப் பாருங்க, ரெண்டும் வேற வேறன்னா ஹோம்ல இருக்கிறதை நீக்கிடுங்க.

புது கம்போஸ்ல எனக்கு உண்மையிலேயே பிடிச்சது பத்தி. கான்ஃபிக்ன்ற சப்-கமாண்ட் (பழசுலயும் இருந்துச்சு, ஆனா இப்போதான் நான் இதை தினமும் பயன்படுத்தறேன்) யாமல், என்வி ஃபைல், ஓவர்ரைடு எல்லாத்தையும் கலந்து கடைசியில என்னவா ஓடப் போகுதுன்னு முழுசா எழுதிக் காட்டும், செட்டப் ஃபெயில் ஆனா வெர்ஷன் பார்த்ததுக்கு அடுத்து நான் அடிக்கிறது இதைத்தான். எல்எஸ் கொடுத்தா மெஷின்ல எந்தெந்த புராஜெக்ட் எந்த ஃபைல்ல இருந்து ஓடுதுன்னு லிஸ்ட் வரும், வேற யாரோ செட்டப் பண்ண சர்வர்ல இது தங்கம். அப் கூட வெயிட் ஃபிளாக் போட்டா எல்லா சர்வீஸும் ஹெல்தி ஆகற வரைக்கும் நின்னு பார்த்து, ஆகலன்னா ஃபெயில்னு சொல்லும், ஸ்கிரிப்ட்ல வெச்சு தூங்கு பத்து செகண்டுன்னு எழுதற வேலை எல்லாம் மிச்சம். ஒரே பைனரின்றதால பைத்தான் லைப்ரரி தலைவலி மொத்தமா ஒழிஞ்சது, எனக்கு அதுவே போதும்.

பிடிக்காததும் இருக்கு, மறைக்க விரும்பல. கன்டெய்னர் பேர்ல நடுவுல அண்டர்ஸ்கோர் இருந்த இடத்துல இப்போ கோடு வருது, புராஜெக்ட், சர்வீஸ், நம்பர் மூணுக்கும் நடுவுல. கேக்கறதுக்கு சின்ன விஷயம், ஆனா பேக்கப் ஸ்கிரிப்ட்ல கன்டெய்னர் பேரை நேரடியா எழுதி வெச்சிருந்தா மாறின அன்னைக்கு ராத்திரி பேக்கப் ஓடாது, அது ஓடலன்னு உங்களுக்கு தெரியவும் வராது. கம்பேட்டிபிலிட்டின்னு ஒரு ஃபிளாக் போட்டா பழைய பேரே வரும், ஆனா ஸ்கிரிப்டை திருத்தறதுதான் சரி, கன்டெய்னர் பேருக்கு பதிலா கம்போஸ் எக்ஸெக்னு சர்வீஸ் பேரை வெச்சு எழுதிட்டா அப்புறம் பேர் எப்படி மாறினாலும் கவலை இல்ல. வால்யூம் பேர் மாறாது, அதுல அண்டர்ஸ்கோர் அப்படியே இருக்கு.

பாஸ்வேர்டுல டாலர் குறி இருந்தா இன்னொரு இடி. டாட் என்வி ஃபைல்ல டாலருக்கு அப்புறம் எழுத்து வந்தா அதை ஒரு வேரியபிள்னு நினைச்சு, அப்படி ஒண்ணு செட் பண்ணலையே, காலியா வெச்சுக்கறேன்னு ஒரு வார்னிங் கொடுத்துட்டு பாஸ்வேர்டுல பாதியை முழுங்கிடும். ஆப் டேட்டாபேஸ்ல லாகின் ஃபெயில்னு சொல்லும். அந்த மதிப்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள போட்டா தொடாது.

அப்புறம், பிளகின் போட்டாச்சு இனி கவலை இல்லன்னு நினைக்காதீங்க, வி2லயே பழசு இருக்கு. இன்க்ளூட் வரி வேலை செய்ய 2.20 வேணும், என்வி ஃபைலுக்கு கீழ ரிக்வயர்டு ஃபால்ஸ்னு எழுத 2.24 வேணும், டிஸ்ட்ரோ கொடுக்கிற பிளகினும் ஒரு இடத்துல உறைஞ்சுதான் இருக்கும். இங்கயும் எரர் "மஸ்ட் பி எ ஸ்ட்ரிங்"ன்னு ஃபைலைத்தான் திட்டும். இவ்ளோ வருஷம் ஆகியும் "இந்த வரி எனக்கு தெரியாது, நான் இந்த வெர்ஷன், ஒருவேளை நான் பழசா இருக்கலாம்"னு ஒரு வாக்கியம் சேர்க்காதது எனக்கு பெரிய குறை. புதுசா கத்துக்க வர்றவங்களை இந்த எரர்கள் விரட்டி விடுது, நானே பார்த்திருக்கேன், திறமையான பசங்க "டாக்கர் எனக்கு செட் ஆகாது"ன்னு ஒதுங்கினதை. அது அவங்களுக்கு நடந்த அநியாயம்.

எஞ்சின் பக்கமும் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர்ல வந்த எஞ்சின் 29ல குறைஞ்சபட்ச ஏபிஐ (மத்த டூல்ஸ் எஞ்சினோட பேசற முறை) வெர்ஷனை 1.44ன்னு ஏத்திட்டாங்க. டாக்கர் சாக்கெட்டோட (எஞ்சினுக்குள்ள போற வாசல்) நேரா பேசற பழைய டூல்ஸ், அதாவது கன்டெய்னரை கண்காணிக்கிறது, தானா அப்டேட் பண்றது, ட்ராஃபிக்கை திருப்பி விடறது மாதிரி விஷயங்கள், "கிளையன்ட் வெர்ஷன் 1.24 இஸ் டூ ஓல்ட்"னு சொல்லி நின்னுடும். இந்த எரரை நான் குறை சொல்ல மாட்டேன், எது பழசுன்னு நம்பரோட சொல்லுது, எல்லா எரரும் இப்படி இருந்தா இந்த ரிவ்யூ பாதியா குறைஞ்சிருக்கும். எஞ்சினை ஏத்தறதுக்கு முன்னாடி சாக்கெட்டை மவுண்ட் பண்ணியிருக்கிற கன்டெய்னர் எதெதுன்னு பார்த்து அதோட இமேஜை முதல்ல புதுசாக்குங்க. எஞ்சின் ஏத்தின பிறகு தெரிஞ்சா, டேமனுக்கு (பின்னணியில ஓடற எஞ்சின்) டாக்கர் மின் ஏபிஐ வெர்ஷன்ற (DOCKER_MIN_API_VERSION) என்விரான்மென்ட் வேரியபிள் கொடுத்து தற்காலிகமா சமாளிக்கலாம்.

ஸ்டார் கேட்டா, டூலுக்கு அஞ்சுக்கு நாலரை, எரர் மெசேஜுக்கு ரெண்டு. பழைய கம்போஸ் இன்னும் ஓடிட்டு இருக்கிற சர்வர்ல மாத்தப் போறீங்கன்னா, பழசு வேலை செய்யும்போதே அதை வெச்சு டவுன் கொடுத்துட்டு (வால்யூம் ஃபிளாக் இல்லாம), அப்புறம் புதுசுல அப் கொடுங்க. கோடு போட்ட கமாண்டை கூப்பிடற ஸ்கிரிப்ட், கிரான் (நேரம் வெச்சு தானா ஓடற வேலை) எல்லாத்தையும் கிரெப் பண்ணி, அதாவது தேடிப் பிடிச்சு, இடைவெளிக்கு மாத்துங்க, உடனே முடியலன்னா பழைய பேர்ல ரெண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒண்ணு வெச்சு புது கமாண்டுக்கு திருப்பி விடுங்க. ஏலியஸ் (ஷெல்ல கமாண்டுக்கு வெக்கற செல்லப் பேர்) போடாதீங்க, கிரானுக்கு உங்க ஏலியஸ் தெரியாது.